ஆட்டுக்குழித் தைலமரங்கள்

நோலீன் கில்கிரிஸ்ட் கழுத்தால் சம்பாதிக்கிறாள் என்று எங்கள் கூட்டத்தில் கிண்டல் செய்வோம். வெட்டு இயந்திரம் உறுமத் தொடங்குவதற்கு முன்பே அவள் தோட்டத்துக்குள் போய்விடுவாள். வரிசை பிசகாமல் நிற்கும் நீலத் தைலமரங்களுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தபடியே நடப்பாள். உச்சிக் கவையில் சாம்பல் மூட்டை மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது கோவாலா. அந்த மரத்துக்கு மஞ்சள் நாடா கட்டுவாள். சுற்றியிருக்கும் மரங்களுக்கு வெள்ளை நாடா. நாடா கட்டிய எதையும் இயந்திரம் தொடக் கூடாது. கோவாலா தானாக இறங்கிப் போன பிறகுதான் அந்த மரங்களின் முறை வரும்.

நான் அப்போது மரச்சீவலை போர்ட்லாண்ட் துறைமுகத்துக்குக் கொண்டு போகும் லாரி ஓட்டினேன். சுமை ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவளோடு பேசிப் பேசித்தான் பழக்கம். பெரிய உடம்பு, வெயிலில் வெந்த முகம், நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது. கல்யாணம் ஒன்று நடந்து முறிந்திருந்தது. அதைப் பற்றிக் கேட்டால், "அவன் நல்லவன்தான், எனக்குத்தான் பேச வரல" என்று முடித்துவிடுவாள்.

மேலாளர் டாரலுக்கும் அவளுக்கும் தினமும் ஒரு சண்டை உண்டு.

"இன்னைக்கு எத்தன மரத்த எங்கிட்டருந்து திருடப்போற நோல்?"

"உன் மூஞ்சியப் பாத்தா இன்னும் நாலு சேத்துத் திருடலாம்னு தோணுது."

இயந்திரத்தை ஓட்டியவன் அவளுடைய தம்பி ராஸ். அக்கா கட்டிவிட்ட நாடா வரைக்கும் வந்து நிறுத்துவான், கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான், திரும்பி வேறு வரிசைக்குப் போவான். இருவரும் ஒரே வண்டியில் வேலைக்கு வருவார்கள், ஒரே வண்டியில் போவார்கள். வழியில் வானொலி பாடும். அவர்கள் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் கோடையில் வெட்டு கில்கிரிஸ்ட் நிலத்துக்கு வந்தது.

அது அவர்கள் பிறந்து வளர்ந்த நிலம். அப்பா மர்டோ செம்மறி வளர்த்தார். கம்பளிக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் அவர் கறாரான, கொஞ்சம் சிரிக்கவும் தெரிந்த மனிதராக இருந்தார் என்று வயதானவர்கள் சொல்வார்கள். எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. எண்பத்து மூன்று பிப்ரவரியில் மேய்ச்சல் காடு முழுக்கச் செம்புழுதி. ஆடுகள் வேலிக் கம்பி ஓரம் விழுந்து எழ முடியாமல் கிடந்தன. காக்கைகள் உயிரோடு கண்ணைக் கொத்தின. சந்தைக்கு ஏற்றினால் லாரி வாடகைக்குக்கூட ஆகாது. ஊராட்சி மண்தோண்டியை அனுப்பிப் பண்ணை பண்ணையாகக் குழி வெட்டிக் கொடுத்தது. சுடுவதற்கு ஆளும் அனுப்பியது.

மர்டோ அந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். "நான் வளத்தது. நானே முடிச்சுக்கறேன்."

ஆனால் ஒற்றை ஆளால் அந்த வேலையைச் செய்ய முடியாது. அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள். பதினாலு வயது நோலீன் பட்டியின் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வயது ராஸ் முன்னால் நடந்தான். அவன் கையில் ஒரு தகர டப்பா, அதற்குள் ஒரு பிடி ஓட்ஸ். அதை ஆட்டினால் வரும் சத்தம் ஆடுகளுக்குத் தெரியும். வறட்சி நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குத்தான் அவை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. நிற்கவே தெம்பில்லாத ஆடுகள்கூட ராஸ் பின்னால் ஓடி வந்தன. குழி ஓரத்தில் அப்பா நின்றிருந்தார்.

வேலை முடிய இரண்டு நாள் பிடித்தது. மண்ணைத் தள்ளி மூடினார்கள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மர்டோ மறுபடி ஆடு வாங்கினார், ஆனால் பெயருக்குத்தான். குடித்தார். தொண்ணூறுகளின் கடைசியில், நிலம் தேடி வந்த மரத்தோட்டக் கம்பெனிக்கு எல்லாவற்றையும் விற்றார். ஏன் விற்றாய் என்று நோலீன் கேட்டபோது, "மரம் பசியில கத்தாது" என்றார். அவ்வளவுதான் பதில். ஹாமில்டனில் முதியோர் விடுதி ஒன்றின் சின்ன அறையில் இறந்தார்.

கம்பெனி வீட்டை இடித்தது, குட்டையைத் தூர்த்தது, வேலிகளைப் பிடுங்கியது. விமானத்திலிருந்து உரம் தூவி, ஒரே நாற்றங்காலில் எடுத்த கன்றுகளை வரிசையாக நட்டது. பதினைந்து வருஷம் கழித்து நோலீன் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தபோது எது எங்கே இருந்தது என்று ஒன்றும் பிடிபடவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே இடைவெளி.

"அடுப்பு எங்க இருந்துச்சுன்னாவது தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சு சமைக்கவா போறேன்?" என்றாள்.

முதல் வாரம் எப்போதும்போல் போனது. இங்கொன்று அங்கொன்று என்று கோவாலாக்கள். நாடா கட்டினாள், ராஸ் சுற்றி வெட்டினான், அவை இறங்கி நகர்ந்தன. பிறகு தெற்குப் பக்கம் ஒரு திட்டுக்குப் போனவள் அரை நாள் வெளியே வரவில்லை. நாடா தீர்ந்துபோய் இன்னொரு உருளை வாங்க வந்தாள்.

"டாரல், அங்க மரத்துக்கு ஒண்ணு உக்காந்திருக்கு. ஒரே மரத்துல ரெண்டு கூட."

"விளையாடாத."

"வந்து பாரு."

நானும் போய்ப் பார்த்தேன். ஒரு சின்னப் பந்து மைதானம் அளவு இடம். மற்ற மரங்களைவிட அந்த மரங்கள் தடித்து உயர்ந்திருந்தன. ஆனால் உச்சிகள் மொட்டை. இலை இருந்த இடத்திலெல்லாம் மென்று துப்பியது போன்ற குச்சிகள். தரை முழுக்கப் புழுக்கை, மூத்திர நெடி. மேலே பார்த்தால் கவைக்குக் கவை சாம்பல் முதுகுகள். இரண்டு ஆண்கள் ஒரே கிளைக்காக உறுமிக்கொண்டிருந்தன. பத்தடி தள்ளி, அதே வயது மரங்கள் நிறைய இலையோடு சும்மா நின்றன.

டாரல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சுத்தி இருக்கறத எல்லாம் வெட்டுவோம். பொறவு தானா கிளம்பிப் போவுதுங்க."

வெட்டினார்கள். அவை போகவில்லை. சுற்றிலும் வெட்ட வெளியாகி, அந்தத் திட்டு மட்டும் தீவு மாதிரி நின்றது. மரங்கள் விழ விழ, இத்தனை வருஷம் மறைந்திருந்த தூரத்து எரிமலைக் குன்றுகள் தெரிய ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் ராஸ் இயந்திரத்தை நடு வரிசையில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். குன்றைப் பார்த்தான். திட்டைப் பார்த்தான். பிறகு சாலை வரைக்கும் நடந்தே போய், அவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நோலீன்தான் ஏறி அணைத்தாள்.

"என்னாச்சு உன் தம்பிக்கு?" என்றேன்.

"வெயில்" என்றாள். ஆனால் அவளும் குன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியின் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஆடுகளைப் பார்க்காமலிருக்க அந்தக் குன்றின் பிளவையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

டாரல் வனவிலங்கு வைத்தியரை வரவழைத்தார். ஹெஸ்டர் என்று பெயர். ஒல்லியான பெண், சதா எதையாவது மென்றுகொண்டிருப்பாள். நீளக் கழியில் கத்திரியை மாட்டி, திட்டு மரத்திலிருந்தும் வெளியே தூரத்து வரிசைகளிலிருந்தும் இலை பறித்துத் தனித்தனிப் பையில் போட்டு எடுத்துப் போனாள். ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பி வந்தாள். நாங்கள் லாரி நிழலில் உட்கார்ந்து இறைச்சி அப்பம் தின்றுகொண்டிருந்தோம்.

"ஒரே விதை, ஒரே நாள் நட்டது" என்றாள் ஹெஸ்டர். "ஆனா அந்தத் திட்டு இலையில தழைச்சத்து ரொம்ப அதிகம். துவர்ப்பு கம்மி. துவர்ப்பு இருந்தா இலையில இருக்கற புரதத்த அது கட்டி வச்சுக்கும், வயித்துக்குப் போயும் பிரயோஜனமில்ல. கோவாலா திங்கறதே இலை ஒண்ணுதான். அதனால எந்த மரம் தேறும்னு மூக்கால, பல்லால கண்டுபிடிச்சுடும். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் வித்தியாசம் தெரியும் அதுக்கு. இங்க எல்லா மரமும் விருந்து மாதிரி. அதான் நாலு காட்டுலருந்தும் வந்து குமிஞ்சிருக்கு."

"அப்ப பக்கத்துக் காட்டுக்குப் போயி வேற இலையத் தின்ன வேண்டியதுதானே?" என்றார் டாரல். சாலைக்கு அந்தப் பக்கம் நார்ப்பட்டைத் தைலமரக் காடு பச்சைப் பசேலென்று நின்றது.

"அந்த இலை இவங்களுக்கு ஆகாது. இவங்க குடல்ல இருக்கற கிருமி இந்த இலைக்குப் பழகினது. உங்களுக்குத் தட்டுல அட்டப்பெட்டியக் கிழிச்சுப் போட்டா எப்படியிருக்கும்? வயிறு ரொம்பும், ஆனா ஆளு செத்துருவீங்க."

"எனக்குப் பொண்டாட்டி போடறதே அதுதான்" என்றார் டாரல். யாரும் சிரிக்கவில்லை.

ஹெஸ்டர் கேட்டாள்: "எனக்குப் புரியாதது ஒண்ணுதான். அந்த எடத்துல மட்டும் மண்ணு ஏன் இப்படி இருக்கு? முன்னாடி என்ன இருந்துச்சு? மாட்டுத் தொழுவமா? உரக் கிடங்கா?"

நோலீன் அப்பத்தைக் கீழே வைத்தாள்.

"ஆடு" என்றான் ராஸ். அவன் பேசுவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "கீழ ஆடு இருக்கு. எங்க ஆடு எல்லாம்."

எழுந்து போய்விட்டான்.

ஹெஸ்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டு நோலீனைப் பார்த்தாள். நோலீன் அவளிடம் நாலைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். எனக்கு அதுவரை அந்தக் கதை தெரியாது. ஊரில் பாதிப் பண்ணைகளில் அப்படி ஒரு குழி உண்டு. எங்கே என்று யாரும் காட்டுவதில்லை.

அதற்கடுத்த நாட்கள்தான் மோசமானவை. தூரத்து வரிசைகளும் அதற்குள் வெட்டி முடிந்திருந்தன. திட்டில் மிச்சமிருந்த இலையும் தீர்ந்தது. கோவாலாக்கள் பட்டையைக் கடித்தன. சில தரையில் இறங்கி, சீவல் குவியலுக்கு நடுவே பகலில் உட்கார்ந்திருந்தன. கிட்டப் போனாலும் நகரவில்லை. நோலீன் வேலை முடிந்ததும் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நார்ப்பட்டை மரக் கிளைகளை வெட்டித் தோளில் சுமந்து வந்து, திட்டு மரங்களில் கட்டிவிட்டாள். ஆகாது என்று ஹெஸ்டர் சொன்னதை அவளும் கேட்டவள்தான். இருந்தும் கட்டினாள். கோவாலாக்கள் முகர்ந்து பார்த்தன. ஒன்று ஒரே ஒரு இலையைக் கடித்து, மெல்லாமல், வாயிலிருந்து நழுவவிட்டது. மறுநாள் கிளைகள் அப்படியே வாடித் தொங்கின.

தெம்பாக இருந்தவற்றைப் பிடித்துக் கூண்டில் போட்டு, வடக்கே இதே இலை கிடைக்கும் தூரத்து ஒதுக்குக் காட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் இடம் அதிகமில்லை. மீதியைச் சோதித்த ஹெஸ்டர், சாயங்காலம் டாரலிடமும் நோலீனிடமும் நேராகச் சொன்னாள். "பல்லு தேஞ்சது, எலும்பும் தோலுமா இருக்கறது, சிறுநீரகம் போனது. இதுங்கள நான் எங்க கொண்டு போயி விட்டாலும் சாவும். அதுவும் மெதுவா சாவும். நாளைக்கு ஊசி போட்டுடலாம்னு இருக்கேன். பிடிச்சுக்க ஆள் வேணும்."

டாரல் தரையைப் பார்த்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. "எனக்கு அது வராது" என்றார்.

"நான் பிடிக்கறேன்" என்றாள் நோலீன்.

மறுநாள் காலை ராஸ் வேலைக்கு வரவில்லை. நோலீன் தனியாக நடந்தே வந்தாள். மரத்தடியில் தார்ப்பாய் விரித்தார்கள். கழி நுனியில் துணியைக் கட்டி மேலே ஆட்டினால் கோவாலா பயந்து பின்வாங்கி இறங்கும். கைக்கெட்டும் உயரத்துக்கு வந்ததும் நோலீன் பின்கழுத்தையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்துச் சாக்கில் இறக்கினாள். பெரிய நகம். முதல் மணி நேரத்திலேயே அவள் முன்கை இரண்டிலும் ரத்தக் கோடுகள். சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஹெஸ்டர் ஊசியைச் செலுத்தி முடித்து உடம்பு தளரும்வரை இறுக்காமல் பிடித்திருந்தாள். பிறகு தார்ப்பாயில் கிடத்தினாள். மறுபடி எழுந்து கழியை எடுத்தாள். நான் அன்று சுமையில்லாமல் நின்றேன். போக மனம் வரவில்லை, உதவவும் கை வரவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தேன்.

தாய் ஒன்று முதுகில் குட்டியோடு இறங்கியது. ஹெஸ்டர் அதன் வாயைத் திறந்து பார்த்து, தேறாது என்று தலையசைத்தாள். குட்டியைப் பிரித்துக் கம்பளித் துணியில் சுற்றி நோலீன் கையில் கொடுத்தாள். அது அவள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. தாயின் வயிற்றிலிருந்து வரும் குழகுழப்பான கழிவைத் தின்றால்தான் இலையைச் செரிக்கும் கிருமி குட்டிக்குச் சேரும், இது இன்னும் தின்ன ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று ஹெஸ்டர் சொன்னாள். போர்ட்லாண்டில் கோவாலா வளர்க்க அனுமதி பெற்ற பெண்மணி ஒருத்தி வந்து அதை வாங்கிப் போனாள். அது பிழைத்ததா என்று நோலீன் கடைசிவரை கேட்கவில்லை.

மத்தியானம் தார்ப்பாய் நிறைந்திருந்தது. டாரல் தயங்கித் தயங்கி வந்தார்.

"மண்தோண்டி இங்கயே நிக்குது நோல். இந்தப் பக்கத்துலயே ஒரு குழி..."

"வேண்டாம்."

"மரத்துக்கு அடியில இல்ல, கொஞ்சம் தள்ளி..."

"இந்த நிலத்துல இனி ஒண்ணையும் பொதைக்கக் கூடாது டாரல். போதும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் என் வண்டியில ஏத்தி ஊராட்சிக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டு போறேன். எத்தன தடவ போனாலும் சரி."

அவளிடம் அன்று வண்டி இல்லை. அது ராஸிடம் இருந்தது. அதை அவளே மறந்துபோயிருந்தாள் என்று நினைக்கிறேன்.

லாரியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது சாலையில் புழுதி கிளம்பியது. ராஸ் வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டி வந்து தார்ப்பாய் ஓரம் நிறுத்தினான். அவன் கண்கள் வீங்கியிருந்தன. எல்லோரையும் தாண்டிப் போய், முதல் உடம்பை இரண்டு கையாலும் தூக்கினான். எறியவில்லை. குழந்தையைக் கிடத்துவதுபோல வண்டித் தட்டில் வைத்தான். அடுத்ததைத் தூக்கினான். நோலீன் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள். இருவரும் மாற்றி மாற்றி ஏற்றினார்கள்.

கடைசியில் தட்டின் கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் கையூன்றியபடி ராஸ் சொன்னான்:

"டப்பாவ ஆட்டினது நாந்தான் நோல். சோறுன்னு நெனச்சு வந்துச்சுங்க."

"தெரியும்."

"நான் ஆட்டாம இருந்திருக்கலாம்."

"உனக்குப் பதினோரு வயசு. ஆட்டாம இருந்தா அவரு உன்ன அடிச்சிருப்பாரு, பொறவு அவரே ஆட்டியிருப்பாரு. நான் கேட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னேனே, நானும் விட்டிருக்கலாம்."

"விட்டிருந்தா?"

"வேலி ஓரத்துல கெடந்து செத்திருக்கும். காக்கா இருந்துச்சு." சாவிக்காகக் கையை நீட்டி, "ஏறு. நான் ஓட்டறேன்" என்றாள்.

போகும்போது வானொலி பாடவில்லை. அதை நான் கவனித்தேன்.

ராஸ் அதோடு இயந்திரத்தில் ஏறவில்லை. சில மாதங்கள் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. ஹாமில்டன் ஆஸ்பத்திரியில் மனநல வார்டில் கொஞ்ச நாள் இருந்தான். நோலீன் ஞாயிறுதோறும் போனாள். அவன் பேசினானா என்று கேட்டேன். "பேசறான். கேக்கத்தான் கஷ்டமா இருக்கு" என்றாள். பிறகு போர்ட்லாண்ட் மீன்பிடித் துறைமுகத்தில் பனிக்கட்டி உடைக்கும் வேலைக்குச் சேர்ந்தான். இன்றும் அங்கேதான். அப்பாவைப் போல அவனும் குடித்துக்கொண்டிருந்தான்; இப்போது குறைத்திருக்கிறான், நிறுத்தவில்லை.

திட்டு மரங்கள் தளிர்க்கவில்லை. ஒன்றிரண்டு அடியில் துளிர்விட்டுப் பார்த்தன, அந்தக் குளிர்காலத்தோடு அவையும் காய்ந்தன. கம்பெனி அவற்றை இழுத்துச் சாய்த்து எரித்தது. மறுபடி நடும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி ஹெஸ்டர் எழுதிக் கொடுத்தாள். அங்கே மரம் வைத்தால் இன்னொரு தலைமுறைக் கோவாலாவும் வந்து குவியும் என்றாள். கம்பெனி கேட்டுக்கொண்டது. இப்போது அங்கே முட்செடி மண்டிக் கிடக்கிறது, அதுவும் ஆள் உயரத்துக்கு.

நோலீன் வேலையை விடவில்லை. அடுத்த தோட்டம், அதற்கடுத்த தோட்டம் என்று நாடாவோடு நடந்தாள். தெற்கே ஒரு தோட்டத்தில் சின்னதாக இன்னொரு கூட்டத்தைக் கண்டபோது, வெட்டு தொடங்குவதற்கு முன்பே ஹெஸ்டருக்குப் போன் போட்டாள். அதனால் சிலவற்றைத் தெம்பிருக்கும்போதே மாற்ற முடிந்தது. எல்லாவற்றையும் இல்லை. அங்கே கீழே என்ன இருந்தது என்று நிலத்துக்காரரிடம் அவள் கேட்கவில்லை.

போன மாதம் ஹேவுட் ஊர் ரொட்டிக்கடையில் அவளைப் பார்த்தேன். கழுத்தில் பட்டை போட்டிருந்தாள். எலும்பு தேய்ந்துவிட்டதாம், அண்ணாந்தால் தலை சுற்றுகிறதாம். டாக்டர் வேலையை விடச் சொல்லிவிட்டார்.

"விடப்போறியா?" என்றேன்.

"வர்ற குளிர்காலம் வரைக்கும் பாக்கறேன்" என்றாள். "பொறவு யாராவது வருவாங்க."

யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று டாரல் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, குனியாமல் முழங்காலை மட்டும் மடக்கித் தரையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, மெதுவாக வெளியே போனாள்.